சின்னப் படம் எடுத்தவர்களுக்கு: விநியோக ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி?

சொந்தக் காசில் ஒரு படத்தை முடித்துவிட்டீர்கள். ஒரு விநியோக நிறுவனம் பதினாலு பக்க ஒப்பந்தத்தை அனுப்பி, நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறது. அவசரப்படாதீர்கள், பிரின்ட் எடுத்து ஒரு பென்சிலோடு உட்காருங்கள்.

1. கிரயமா, வாடகையா?

'அசைன்மென்ட்' என்றால் படத்தின் உரிமையே விநியோகஸ்தர் பெயருக்குப் போகிறது, வீட்டைக் கிரயம் எழுதிக் கொடுப்பது மாதிரி. 'லைசென்ஸ்' என்றால் வீடு உங்களுடையது, அவர் குடியிருக்கிறார். தலைப்பில் லைசென்ஸ் என்று போட்டுவிட்டு உள்ளே 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்று எழுதுவதும் உண்டு, அதனால் தலைப்பை நம்பாமல் உள்ளே இருக்கும் வாசகத்தைப் படியுங்கள்.

2. எந்த உரிமை, எந்த ஊர், எத்தனை வருடம்?

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். தியேட்டர், சேட்டிலைட் (டிவி), டிஜிட்டல் (ஓடிடி), ஆடியோ, டப்பிங், ரீமேக், வெளிநாடு என்று ஒவ்வொன்றும் தனி உரிமை, ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். தியேட்டர் உரிமையையே கோவை, மதுரை, சேலம் என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பது தமிழ் சினிமாவில் காலங்காலமாக நடப்பதுதான். எனவே நீங்கள் கொடுப்பதை மட்டும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள், 'இதில் சொல்லாத உரிமைகள் எல்லாம் தயாரிப்பாளரிடமே இருக்கும்' என்ற ஒரு வரியையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, எதுவும் எழுதாமல் விட்டால்? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஆனால் இதையெல்லாம் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி மாற்றிவிட முடியும், அதற்காகத்தான் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வார்த்தைகள் உள்ளே வருகின்றன. அவற்றைப் பார்த்தால் வட்டம் போடுங்கள்.

3. 'எக்ஸ்க்ளூசிவ்' இருக்கிறதா?

இருந்தால் அந்தக் காலம் முடியும்வரை அதே உரிமையை நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அதற்கேற்ற தொகையைக் கேளுங்கள்.

4. பணம்

அவுட்ரேட் என்றால் மொத்தமாக ஒரு தொகை, அத்தோடு கணக்கு முடிந்தது. எம்ஜி (மினிமம் கேரன்டி) என்றால் வசூல் எப்படி இருந்தாலும் குறைந்தபட்சம் இவ்வளவு உறுதி. பங்கு முறை என்றால் பங்கு எதிலிருந்து பிரிக்கப்படுகிறது என்று பாருங்கள். பத்து லட்சம் வந்தது, உங்களுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். வந்த மொத்தத்தில் பாதி என்றால் ஐந்து லட்சம். 'செலவு போக' என்று எழுதி மூன்று லட்சம் விளம்பரச் செலவு காட்டினால் மூன்றரை லட்சம்தான். செலவுக்கு ஒரு உச்சவரம்பு, மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

5. நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி

'படத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் உரிமை என்னிடம் இருக்கிறது, வழக்கு வந்தால் நானே பொறுப்பு' என்று உங்களிடம் எழுதி வாங்குவார்கள். என் நண்பர் ஒருவரின் படத்தில் டீக்கடைக் காட்சி ஒன்று, பின்னால் ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு இருபது நொடி ஓடும். அந்த இருபது நொடிக்காக வெளியீடு நின்றது, ஒலிக்கலவையை மறுபடி செய்யவேண்டி வந்தது. இசை, கதை, எடிட்டிங் என்று எல்லோரிடமும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

6. வெளியே வரும் வழி

பணம் தராவிட்டாலோ, படத்தை வெளியிடாமல் வைத்திருந்தாலோ எத்தனை நாள் நோட்டீஸில் உரிமை திரும்பி வரும் என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்த பிறகு படத்தின் மாஸ்டர் ஃபைலை (முழுத் தரமுள்ள மூல ஃபைல்) அனுப்பினால் போதும்.