மஞ்சள் தாள் அறுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்து இருபது நாள் இருக்கும். சேர்வராயன் மலைமேல் பனி விலகாத காலை. பக்கத்துத் தோட்டத்தில் அரிவாள் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இந்த ஆண்டுதான் முதன்முறையாக மஞ்சள் வைத்திருக்கும் தம்பி ஒருவர், நான்கு ஆட்களை விட்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். கிழங்கைத் தோண்டுவதற்கு முன், மண்ணுக்குமேல் நிற்கும் தண்டையும் இலையையும் அறுத்து எடுப்பதைத்தான் தாள் அறுப்பு என்கிறோம். இலைகளில் பாதிக்குமேல் பச்சை. அறுத்த அடித்தாளிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"யார் தம்பி இப்போதே அறுக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"பொங்கல் போனால் ஆள் கிடைக்காது அண்ணா. எல்லோரும் மரவள்ளி பிடுங்கப் போய்விடுவார்கள்" என்றார்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவிடம் நான் சொன்ன அதே பதில். மேட்டுப்பாத்தி, விதை நேர்த்தி, உரக்கணக்கு எல்லாம் எந்த வேளாண்மைத் துண்டறிக்கையிலும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். கடைசி மாதங்களில், கையில் அரிவாளோடு நிற்கும்போது நடக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பச்சைத் தாளை அறுப்பது

மஞ்சளில் 7 மாத ரகமும் உண்டு, 9 மாத ரகமும் உண்டு. எங்கள் வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் உள்ளூர் ரகத்துக்கு 9 மாதம் வேண்டும். வைகாசிக் கடைசியில் நட்டால் மாசிக் கடைசிவரை பொறுத்திருக்கவேண்டும். அந்தத் தம்பியின் மஞ்சளுக்கு அன்று 7 மாதம்கூட நிறையவில்லை.

கார்த்திகைக்குமேல் செடி உயரமாக வளர்வதில்லை. மேலே ஒன்றும் நடக்காததுபோலத் தெரிவதால்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உண்மையான வேலை அப்போதுதான் கீழே நடக்கிறது. இலை சேர்த்துவைத்த மாவுச்சத்து எல்லாம் தாள் வழியே கிழங்குக்கு இறங்குகிறது. இறக்கி முடிக்க முடிக்கத்தான் இலை வெளுத்து, ஓரம் காய்ந்து, தாள் தானாகச் சாய்கிறது. பச்சையாக நிற்கும் இலை என்றால் கிழங்குக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் அதில் இருக்கிறது என்று பொருள்.

அறுத்தால் பாக்கி நின்றுபோவதோடு முடிவதில்லை. மண்ணில் ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் அறுத்த தாளின் நடுவிலிருந்து, வெட்டிய வாழையில் வருவதைப்போல, சுருண்ட குருத்து ஒன்று விரல் நீளத்துக்கு வெளியே வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது எதைத் தின்று வளர்கிறது? நாம் விற்க வைத்திருக்கும் கிழங்கைத்தான். நிரப்பவேண்டிய காலத்தில் செடியைத் தன் சேமிப்பிலிருந்தே செலவழிக்க வைக்கிறோம்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் பச்சையில் அறுத்த அந்த ஆண்டு, எனக்கு ஒரு ஏக்கரில் 8 டன் பச்சைக் கிழங்கு வந்தது. நன்றாக விளைந்த மஞ்சள், வேகவைத்துக் காயவைத்தால் ஐந்துக்கு ஒன்று தேறும். 16 குவிண்டால் வரும் என்று கணக்குப் போட்டு, கடனுக்குத் தவணையும் சொல்லிவிட்டேன். வந்தது 12 குவிண்டாலுக்குச் சற்றுமேல். மீதி எல்லாம் தண்ணீராகக் களத்தில் வற்றிப்போனது.

எடையோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மஞ்சள் வேகவைக்கும் கொப்பரையில், விரல்போல் நீண்ட கிழங்கான விரலி முற்றியதும் பிஞ்சுமாகச் சேர்ந்து வெந்தது. முற்றியது வெந்து அதில் ஈர்க்குச்சி இறங்குவதற்குள் பிஞ்சு குழைந்துவிட்டது. காய்ந்தபின் விரலெல்லாம் சுருக்கம். பாலிஷ் போடும் டிரம்மில் எவ்வளவு சுற்றினாலும் சுருக்கத்தின் பள்ளத்தில் தோல் தூசு அப்படியே இருந்தது. மேடு மட்டும் மினுங்கியது. சந்தையில் ஒரு வியாபாரி விரலி ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்தார். நல்ல மஞ்சள் ஒடியும்போது கணீரென்று ஓர் ஓசை வரும். என் மஞ்சள் சப்பென்று ஒடிந்தது. உள்ளே பார்த்துவிட்டு, "பிஞ்சு" என்று ஒரே வார்த்தை சொல்லி மூட்டைமேல் போட்டுவிட்டு நடந்தார். ஏக்கருக்கு 700 கிலோ விதை, மாதக்கணக்கில் பாய்ச்சிய தண்ணீர், மூன்று களையெடுப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தைதான். அந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தணியவில்லை. அதனால்தான் பச்சைத் தாளில் அரிவாள் படுவதைக் கண்டால் வேலி தாண்டிப் போய்ச் சத்தம் போடுகிறேன்.

ஆள் கிடைக்காது என்பது பொய்யான காரணம் இல்லை. இந்தச் சீமையில் தை, மாசியில் மரவள்ளிக்கும் கரும்புக்கும் ஆள் போய்விடுவது உண்மை. அதற்கு வழி, ஆட்களிடம் முன்கூட்டியே நாள் பேசி முன்பணம் கொடுத்துவைப்பது. கூலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. நான்கு குவிண்டால் மஞ்சளின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.

முற்றியதா என்று பார்க்க, வயலின் நடுவில் ஒரு தூரைத் தோண்டுங்கள். வரப்போரத் தூர் வேண்டாம். அது முதலில் காயும், ஏமாற்றும். விரலியின் நுனியைப் பாருங்கள். வெள்ளையாக, கூராக இருந்தால் இன்னும் வளர்கிறது. நுனி மழுங்கி, உடம்போடு ஒரே நிறமாக இருக்கவேண்டும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. குறுக்கே நறுக்கினால் நடுவட்டம் ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் தெரியவேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் அறுக்கலாம்.

பொங்கலுக்குக் கொத்தாக விற்பது வேறு கணக்கு. பானையில் கட்ட இலையோடு கேட்பார்கள், நல்ல விலையும் கிடைக்கும். அதற்கு ஓர வரிசையில் சில தூர்களை முழுதாகப் பிடுங்கிக் கொடுங்கள். அதைச் சாக்காக வைத்து வயலுக்குள் இறங்காதீர்கள்.

வெளுத்த இலையெல்லாம் முதிர்ச்சி என்று நம்புவது

முதிர்ச்சியால் வரும் மஞ்சள் நிறம் அடியிலையில் தொடங்கி மேலே ஏறும், வயல் முழுக்க ஏறத்தாழ ஒரே சீராக வரும். குருத்திலை மட்டும் வெளுத்து நரம்புகள் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இதை அடிக்கடி பார்க்கலாம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கவேண்டும்.

ஆங்காங்கே திட்டுத்திட்டாக வெளுத்து, தாளைப் பிடித்து இழுத்தால் அடியில் கொழகொழவென்று கையோடு வந்தால் அது கிழங்கு அழுகல். அதற்குத் தாள் அறுப்பு மருந்து ஆகாது. அந்தத் தூரையும் சுற்றியுள்ள மண்ணையும் அப்புறப்படுத்தி, முதலில் வடிகாலைத் திறந்துவிடுங்கள்.

புள்ளி விழுந்ததற்கு மொட்டையடிப்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைப்புள்ளி வராத தோட்டம் குறைவு. புள்ளி மிகுந்த இலைகளை மட்டும் கிள்ளி வெளியே கொண்டுபோய், மீதிக்கு மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் தெளித்தால் போதும். பாதி இலை கெட்டாலும் மீதிப் பாதி கிழங்குக்கு உழைக்கிறது.

மேகம் கட்டியிருக்கும்போது அறுப்பது

அறுத்த தாள் ஒரு குழாய். மழைநீர் நேராகக் கிழங்குக்கு இறங்கும்.

தண்ணீரை நிறுத்தாமல் அறுப்பது

இலை வெளுக்கத் தொடங்கியதும் பாய்ச்சலைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடுங்கள். தோண்ட முடியாதபடி மண் இறுகியிருந்தால், தோண்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு முறை இலேசாக நனைக்கலாம்.

அறுத்துவிட்டு மறப்பது

தாள் அறுத்த ஒரு வாரம், பத்து நாளுக்குள் கிழங்கு வெளியே வந்துவிடவேண்டும். வந்த இரண்டு மூன்று நாளில் வேகவேண்டும். ஆகவே கொப்பரைக்காரரிடம் நாள் வாங்கிய பிறகுதான் அரிவாளைத் தீட்டவேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தாளைக் கொளுத்துவது

கொளுத்தாதீர்கள்.

விதைக்கும் சேர்த்து ஒரே நாளில் அறுப்பது

விதைக் கிழங்கு நிழலில் மூன்று மாதம் தாங்கவேண்டும். பிஞ்சில் எடுத்தது சித்திரை வெயிலில் வற்றி, நடும்போது முளையில்லாமல் கையில் கிடக்கும். நோயில்லாத, நன்கு தூர் கட்டிய பாத்திகளைக் கார்த்திகையிலேயே குச்சி நட்டு அடையாளம் வைத்து, தாள் தரையில் படியும்வரை விட்டுவைக்கவேண்டும். நோயற்ற காய்ந்த தாளைத்தான் விதைக் குவியலின்மேல் மூடுவோம். கொளுத்தவேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தம்பி அன்று என் சத்தத்தைக் கேட்டு வேலையை நிறுத்தினார். ஏறக்குறைய அரை ஏக்கர் போய்விட்டது, மீதி அரை ஏக்கர் நிற்கிறது. அறுத்த பாதியைத் தனியாகத் தோண்டி, தனியாக வேகவைத்து, தனி மூட்டையாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கலந்தால் நல்லதற்கும் பிஞ்சு விலைதான் கிடைக்கும். வரும் வைகாசிக்கு அவருக்கு வேண்டிய விதை என் பாத்தியில் இருக்கிறது.