லியூகோநாஸ்டாக்கின் இயல்பறிந்து இட்லி மாவைப் பொங்கவைக்கும் முறை

இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதற்கு முதன்மைக் காரணம் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் லாக்டிக் அமில பாக்டீரியா. இதன் இயல்பைத் தெரிந்துகொண்டு மாவைக் கையாண்டால், ஒருநாள் பூப்போன்ற இட்லி, மறுநாள் கல் என்ற தடுமாற்றம் பெரிதும் குறைந்துவிடும்.

உருண்டை வடிவமுள்ள இந்த நுண்ணுயிர் இரட்டை இரட்டையாகவும் சிறு சங்கிலிகளாகவும் வளர்வது. ஆக்சிஜன் இல்லாமலும் வாழக்கூடியது. மாவிலுள்ள சர்க்கரையை உடைக்கும்போது லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் சிறிது எத்தனாலையும் இது வெளியிடுகிறது. இந்த வாயுதான் மாவை உப்பவைக்கிறது. தயிரை உறையவைக்கும் முக்கிய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அமிலத்தை மட்டுமே தருவதால், அவசரத்துக்கு மாவில் தயிரைக் கலப்பவர்களுக்குப் புளிப்பு கிடைக்கும், ஆனால் அதே அளவு பொங்குதல் கிடைக்காது.

இந்த பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வந்துவிடுவதால், உறைமாவு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து எடுத்து, இரண்டையும் தனித்தனியாகச் சாதாரணத் தண்ணீரில் 4 மணி நேரம் ஊறவையுங்கள்; கொதிநீரில் ஊறவைத்தால் பொங்கவைக்க வேண்டிய உயிரையே கொன்றுவிடுவோம். உளுந்தை நுரைத்து வரும்வரை அரைப்பதில் பொறுமை காட்டுங்கள். அதன் புரதமும் வழுவழுப்புமே வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைப்பவை; அவை சரியாக அமையாவிட்டால் பாக்டீரியா எவ்வளவு உழைத்தும் பயனில்லை. மிக்ஸியில் அரைப்பவர்கள் மாவு சூடேறாதபடி குளிர்ந்த நீர் விட வேண்டும்.

அரைத்தவற்றை ஒன்றாகக் கலந்து, 1 கிலோ மாவுக்குச் சுமார் 10 கிராம் உப்பிட்டு, பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரத்தில் மூடி வையுங்கள். இவ்வளவு உப்பை லியூகோநாஸ்டாக் எளிதில் தாங்கும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு உகந்தது என்பதால், சென்னையில் 8 மணி நேரத்தில் பொங்கும் மாவு, ஊட்டியின் மார்கழிக் குளிரில் அதைவிடப் பல மணி நேரம் கேட்கும். அங்கே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கலாம். ஆனால் சூடான அடுப்பின் மேல் வைக்க வேண்டாம், ஏனெனில் 40 டிகிரியைத் தாண்டினால் இதன் வளர்ச்சி நின்றுவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். லியூகோநாஸ்டாக் முதலில் வேகமாக வளர்ந்தாலும், தான் உண்டாக்கும் அமிலத்தை நெடுநேரம் தாங்காது. புளிப்பு கூடக்கூட, அமிலத்தை நன்கு தாங்கும் பீடியோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள் மேலோங்குகின்றன. அதன்பின் மாவு புளிக்குமே தவிரப் பொங்காது, ஏற்கெனவே இருக்கும் குமிழ்களும் உடையத் தொடங்கும். ஆகவே மாவு ஏறத்தாழ இரு மடங்காகி, மேற்பரப்பு மேடாக நிற்கும்போதே இட்லிக்கு வேண்டியதைக் கிளறாமல் மேலாக எடுத்து ஊற்றிவிட்டு, மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். அங்கும் புளித்தல் மெல்லத் தொடரவே செய்யும். நடுவில் அமுங்கிய மாவை மறுபடி பொங்கவைக்க முயல வேண்டாம். அது தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் நன்றாகவே உதவும்.