ஃபூட்டி அணிக்குக் கேப்டனையும் தலைமைக் குழுவையும் தேர்ந்தெடுப்பது எப்படி

ஃபூட்டி என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடப்படும் முட்டை வடிவ மைதானம் 135 முதல் 185 மீட்டர் வரை நீளமும் 110 முதல் 155 மீட்டர் வரை அகலமும் கொண்டதாக இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடும் அந்தப் பரப்பில், எதிரணியின் கோல் கம்பத்தருகே நிற்கும் ஃபுல் ஃபார்வர்டின் குரல் மறுமுனையில் நிற்கும் ஃபுல் பேக்கின் காதில் விழ வழியே இல்லை. ஆட்டத்தை நிறுத்திப் பேச டைம் அவுட் கிடையாது; நான்கு கால்பகுதிகளுக்கு இடையில் வரும் மூன்று இடைவேளைகளில்தான் பயிற்சியாளரால் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் பேச முடியும். மற்ற நேரத்தில் செய்தி கொண்டு ஓடும் ரன்னரை நம்பியிருந்த பயிற்சியாளர்களுக்கும் 2019இல் இந்த ஆட்டத்தின் உச்சத் தொழில்முறை லீக்கான ஏஎஃப்எல் ஒரு கடிவாளம் போட்டது: கோல் விழுந்த பிறகே ரன்னர் களத்துக்குள் வரலாம், ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன் வெளியேறிவிட வேண்டும் என்று விதித்தது.

ஆகவே, பயிற்சியாளரின் சொல் எட்டாத அந்த நீண்ட நிமிடங்களில் களத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிக்கொள்வதிலிருந்து தேர்வு தொடங்க வேண்டும். பல கிளப்புகளில் ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு, வேலையை அவருக்கேற்ப வளைத்துக்கொள்கிறார்கள். பருவத்தின் நடுவில் வெடிக்கும் தலைமைச் சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேயே விதைக்கப்படுகிறது என்பது என் கருத்து.

வேலை என்ன என்பதை முதலில் எழுதுங்கள்

விதிப்படி கேப்டனுக்கு உரிய கடமைகள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்று டாஸ். அதை வெறும் சடங்காகக் கருதுபவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கால்பகுதிக்கும் அணிகள் முனை மாறுவதால், முதல் கால்பகுதியில் காற்றோடு உதைக்கத் தீர்மானிக்கும் அணி கடைசிக் கால்பகுதியில் காற்றை எதிர்த்தே உதைக்க வேண்டியிருக்கும். வானிலையையும், தன் அணி நன்றாகத் தொடங்கும் அணியா, நன்றாக முடிக்கும் அணியா என்பதையும் எடைபோட்டு முனையைத் தேர்பவரே அந்தக் கடமையைச் சரியாகச் செய்கிறார். இன்னொன்று ஆள் எண்ணிக்கை. எதிரணியில் அளவுக்கு மீறிய ஆட்கள் களத்தில் இருப்பதாக ஐயம் எழுந்தால், எண்ணிப் பார்க்கும்படி நடுவரிடம் கோரும் உரிமை கேப்டனுக்கோ, அவருடைய இடத்தில் செயல்படுபவருக்கோ உண்டு. இக்கால ஆட்டத்தில் கேப்டனும் மற்றவர்களைப் போலவே அடிக்கடி மாற்றுவீரர் இருக்கைக்குப் போய் வருகிறார் என்பதால், அவர் வெளியே இருக்கும்போது செயல் கேப்டன் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் விட்ட அணிகளில், நெருக்கடியான நேரத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று விதமாகக் கத்துவதைப் பார்க்கலாம்.

விதிப்புத்தகத்தில் இல்லாத வேலைகளே பெரியவை. எதிரணி தொடர்ந்து இரண்டு கோல் அடித்துவிட்டால் வேகத்தைக் குறைப்பதா, ஒருவரைக் கூடுதலாகப் பின்னால் இழுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். மைதானத்தின் நடுவிலிருந்து ஆட்டம் தொடங்கும்போது தடுப்பு, நடு, முன் வரிசை ஒவ்வொன்றிலும் ஆறு ஆறு பேர் நிற்க வேண்டும் என்ற விதி 2019இல் வந்ததிலிருந்து, அந்த நிலைகளில் எல்லோரும் சரியாக நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நடுவரின் முடிவால் கொதிக்கும் வீரரை அப்புறப்படுத்த வேண்டும். 2022இல் ஏஎஃப்எல் நடுவரிடம் எதிர்ப்புக் காட்டுவதைக் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியதற்கே, எதிரணி பந்தை 50 மீட்டர் முன்னால் கொண்டுபோக அனுமதிக்கும் 50 மீட்டர் பெனால்டி கொடுக்கப்பட்டது. கேப்டனே முதலில் கையை விரிப்பவராக இருந்தால் மற்றவர்களை யார் அடக்குவது? களத்துக்கு வெளியே, புதிதாகச் சேர்ந்தவரை அழைத்துப் பேசுவது, அணியில் இடம் கிடைக்காதவரின் மனக்குறையைக் கேட்பது, பயிற்சிக்குத் தாமதமாக வரும் நண்பனிடம் அதை நேரில் சொல்வது ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. அதைச் செய்ய இயலாதவரைக் கேப்டனாக்கக் கூடாது என்று நான் கருதுகிறேன்.

மிகச் சிறந்த வீரரா, பொருத்தமான வீரரா

அணியின் மிகச் சிறந்த வீரரையே கேப்டனாக்கும் வழக்கம் உள்ளூர் கிளப்புகளில் இன்னும் வலுவாக இருக்கிறது. ரிச்மண்ட் அணி 2017, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரீமியர்ஷிப் எனப்படும் லீக் கோப்பையை வென்றபோது, கிராண்ட் ஃபைனல் எனப்படும் அந்த மூன்று இறுதிப் போட்டிகளிலும் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை வாங்கியவர் டஸ்டின் மார்ட்டின். ஆனால் கேப்டன் டிரென்ட் காட்சின். மார்ட்டினைக் கிளப் ஒருபோதும் கேப்டனாக நியமிக்கவில்லை, அதனால் இருவருடைய ஆட்டமும் கெட்டுவிடவும் இல்லை. 2010இல் காலிங்வுட்டுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்த கேப்டன் நிக் மேக்ஸ்வெல், கிளப்பின் பிரதான பட்டியலில்கூட இடம்பெறாமல், அதற்குத் துணையான ரூக்கி பட்டியல் வழியாக உள்ளே வந்த தடுப்பாட்டக்காரர். அந்த அணியில் அவரைவிடத் திறமையான வீரர்கள் பலர் இருந்தனர். அவர்களுக்கு நடுவில் அவரைத் தலைவராகப் பார்க்கும் துணிவு கிளப்புக்கு இருந்தது.

இதை மறுகோடிக்கு இழுத்துச் சென்று, நல்ல மனிதர் என்ற ஒரே காரணத்துக்காக அணியில் இடம் உறுதியில்லாத ஒருவரைக் கேப்டனாக்குவதும் ஆபத்தானது. 2020இல் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணி, ஆட்டத்திறன் குறைந்த தன் கேப்டன் ஸ்டீஃபன் கானிக்லியோவை அணியிலிருந்து நீக்க நேர்ந்தது. முழுநேரத் தொழில்முறைக் கிளப்பையே உலுக்கிய அத்தகைய முடிவை, வார இறுதியில் மட்டும் கூடும் உள்ளூர் அணி தாங்குவது இன்னும் கடினம். உடல் நலமாக இருந்தால் முதல் அணியில் நிச்சயம் இடம்பெறுவார் என்று தேர்வாளர்கள் கையெழுத்திடத் தயாராக இருப்பவர்களிலிருந்தே கேப்டனைத் தேடுங்கள்.

வயதைப் பற்றி எச்சரிக்கை தேவை. மெல்போர்ன் கிளப் 2012இல் ஜாக் கிரைம்ஸோடு ஜாக் டிரெங்கோவையும் இணைக் கேப்டனாக்கியபோது டிரெங்கோவுக்கு வயது 20; லீக் வரலாற்றிலேயே மிக இளைய கேப்டன் அவர்தான். தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியின் சுமை முழுவதும் தன் ஆட்டத்தையே இன்னும் கற்றுக்கொண்டிருந்த இளைஞரின் தோளில் ஏறியது. குறை அந்த இளைஞருடையது அன்று. சுற்றிலும் தாங்கிப் பிடிக்க மூத்தவர்கள் இல்லாத நேரத்தில் அவரை முன்னால் நிறுத்தியவர்களுடையது. திறமையான இளையவர் ஒருவர் கண்ணில் பட்டால், அவரைத் தலைமைக் குழுவில் ஓரிரு பருவங்கள் இருக்க வைத்துவிட்டுப் பிறகு பதவியைக் கொடுப்பதே நல்லது.

ஆடும் இடத்தையும் கவனியுங்கள். நடுவரிசை வீரர் பந்துக்கு அருகிலேயே இருப்பதால் முன்மாதிரியாக ஆட அவருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் ஆட்டம் முழுவதும் மூச்சிரைத்து ஓடுபவருக்கு மற்றவர்களை ஒழுங்குபடுத்த நேரமிருக்காது. தடுப்பு வரிசையில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் கண்முன்னே விரிகிறது. 2023இல் காலிங்வுட்டைக் கோப்பைக்கு வழிநடத்திய டார்சி மூர் அந்த இடத்திலிருந்தே தலைமை தாங்கினார். இரண்டு பேர் சமமாக நின்றால், நான் பின்வரிசைக்காரரையே தேர்வேன்.

வாக்கெடுப்பு நடத்துதல்

வீரர்கள் வாக்களிக்க வேண்டும். ஆனால் வாக்கு மட்டுமே முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே வாக்கெடுத்தால் புதியவர்களுக்கு யாரையும் தெரிந்திருக்காது. பழையவர்கள் பழக்கத்தில் எழுதுவார்கள். முன்பருவப் பயிற்சியின் கடுமையான வாரங்கள் முடிந்து, ஒரு பயிற்சி ஆட்டமாவது ஆடிய பிறகு நடத்துங்கள். இரண்டாம் அணியில் ஆடுபவர்களுக்கும் வாக்குச்சீட்டு கொடுங்கள். மூத்த வீரர் ஒருவர் தனக்குக் கீழே இருப்பவர்களை எப்படி நடத்துகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

‘யார் கேப்டனாக வேண்டும்?’ என்று நேரடியாகக் கேட்டால் செல்வாக்குள்ளவரின் பெயர்தான் வரும். அதற்குப் பதிலாகச் சில சூழ்நிலைகளைக் கேளுங்கள். ஆட்டம் கைநழுவும்போது யார் சொல்வதைக் கேட்பீர்கள்? நீங்கள் உழைப்பில் தளரும்போது யார் சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் ஏற்பீர்கள்? வீட்டிலோ வேலையிலோ சிக்கல் என்றால் அணியில் யாரிடம் முதலில் சொல்வீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுதச் செய்து, ஏஎஃப்எல் பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கத்துக்கு நடுவர்கள் அளிப்பதைப் போல 3, 2, 1 என்று புள்ளியிடுங்கள். ஒரே பெயர் மூன்று கேள்விகளிலும் மேலே வந்தால் உங்கள் வேலை எளிதாகிவிட்டது. பெரும்பாலும் வெவ்வேறு பெயர்கள் வரும். அது ஏமாற்றமடைய வேண்டிய விஷயமே இல்லை, ஏனெனில் தலைமைக் குழுவில் யார் எந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதை அந்த வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது.

வாக்குகளோடு, உடற்பயிற்சியாளர், அணி மேலாளர், தண்ணீர் கொண்டு ஓடுபவர் ஆகியோரிடமும் தனித்தனியே கேளுங்கள். பயிற்சியாளர் பார்க்கும்போது ஒருவிதமாகவும் பார்க்காதபோது வேறுவிதமாகவும் நடப்பவரை அவர்கள் எளிதில் அடையாளம் காட்டிவிடுவார்கள். அதன் பிறகு முதன்மைப் பயிற்சியாளர் முடிவெடுக்கட்டும், நிர்வாகக் குழு ஒப்புதல் தரட்டும். முதலிடம் பெற்றவரைத் தவிர்த்து வேறொருவரைத் தேர்வதாக இருந்தால், அதற்கான காரணத்தை முதலிடம் பெற்றவரிடம் சொல்லத் துணிவு இருக்க வேண்டும். புள்ளிக் கணக்கை யாரிடமும் காட்ட வேண்டாம்.

முடிவை அறிவிக்கும் முன், தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் அவருக்கு இந்தப் பொறுப்பில் விருப்பம் உள்ளதா என்று கேட்க மறக்காதீர்கள். வேலை நேரம், குடும்பம், தன் ஆட்டத்தைப் பற்றிய கவலை ஆகிய காரணங்களால் மறுப்பவர் மீது வருத்தப்பட எதுவுமில்லை.

தலைமைக் குழுவை அமைத்தல்

ஏஎஃப்எல் கிளப்புகளில் தலைமைக் குழு பெரும்பாலும் ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்டதாக இருக்கும். உள்ளூர் அணிக்கு ஐந்தே போதும். குழு பெருத்தால் அதில் இல்லாதவர்களே சிறுபான்மையாகிவிடுவார்கள். முதலில் மூன்று வரிசைகளையும் பாருங்கள்: தடுப்பிலும் நடுவிலும் முன்வரிசையிலும் குறைந்தது ஒருவர் இருந்தாக வேண்டும், ஏனெனில் குரல் எட்டும் தூரம் அவ்வளவுதான். எஞ்சிய இடங்களில் ஒன்றை இளையவர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். ஐவரும் ஒரே நண்பர் வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால், அணியின் மற்ற பாதியில் என்ன பேசப்படுகிறது என்பது பயிற்சியாளர் காதுக்கு வராது.

ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டவட்டமான பொறுப்பு இருக்க வேண்டும்: ஒருவர் புதியவர்களைக் கவனிக்கட்டும், ஒருவர் காயமடைந்து ஆடாமல் இருப்பவர்களோடு தொடர்பில் இருக்கட்டும், ஒருவர் பயிற்சி ஒழுங்கைப் பார்க்கட்டும். பொறுப்பு இல்லாத பதவி சட்டைக்கு அழகு சேர்ப்பதோடு சரி.

துணைக் கேப்டனை, நாளையே கேப்டனாக இறங்கக்கூடியவராகத் தேர்ந்தெடுங்கள். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 2016 பருவத்தின் தொடக்கத்திலேயே கேப்டன் பாப் மர்ஃபியை முழங்கால் காயத்தால் இழந்தது. ஈஸ்டன் வுட் செயல் கேப்டனாக இருந்து அந்த ஆண்டே பிரீமியர்ஷிப்பைப் பெற்றுத் தந்தார். பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தனக்குக் கிடைத்த பதக்கத்தை மேடையிலேயே மர்ஃபியின் கழுத்தில் அணிவித்தது பலருக்கும் நினைவிருக்கும். வுட் அந்த வேலைக்கு ஏற்கெனவே தயாராக இருந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வைப்பது நல்லது. 2021இல் அடிலெய்டின் மகளிர் அணிக் கேப்டன் செல்சி ராண்டால் மூளை அதிர்ச்சி விதிகளின் காரணமாக கிராண்ட் ஃபைனலில் ஆட முடியாமல் போனதும், இத்தகைய இழப்பு எந்த வாரமும் நேரலாம் என்பதைக் காட்டுகிறது.

இணைக் கேப்டன்கள் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சிட்னி ஸ்வான்ஸ் 2012இல் ஆடம் கூட்ஸ், ஜாரட் மெக்வே இருவரையும், பிரிஸ்பேன் லயன்ஸ் 2024இல் லாக்கி நீல், ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் இருவரையும் இணைக் கேப்டன்களாகக் கொண்டு கோப்பையை வென்றன. மாறாக, கேப்டனுக்கே 1ஆம் எண் சட்டை என்ற மரபுள்ள போர்ட் அடிலெய்ட் 2019இல் ஆலி வைன்ஸ், டாம் ஜோனஸ் இருவரையும் நியமித்தபோது அந்தச் சட்டையை யாருமே அணியவில்லை. ஆதரவாளர்களின் அதிருப்திக்குப் பிறகு, மறு ஆண்டே ஜோனஸ் தனிக் கேப்டனாகி அந்த எண்ணை அணிந்தார். இருவரும் வெவ்வேறு வரிசைகளில் ஆடி, குணத்திலும் ஒருவரை ஒருவர் நிரப்புபவர்களாக இருந்தால் இரட்டைத் தலைமை பலன் தரும். யாரையும் வருத்தப்படுத்த மனமில்லாமல் இருவரை நியமிப்பது முடிவைத் தள்ளிப்போடும் தந்திரம் மட்டுமே.

சிறுவர் அணிகளுக்கு இவ்வளவும் தேவையில்லை. வாரம் ஒருவராகக் கேப்டன் பொறுப்பைச் சுற்றிவரச் செய்தால் போதும்.

அறிவித்த பிறகு

வாய்ப்புக் கிடைக்காதவர்களிடம், குறிப்பாக முந்தைய கேப்டனிடம், பொது அறிவிப்புக்கு முன்பே பயிற்சியாளர் நேரில் பேச வேண்டும். ஹாத்தார்ன் அணியை 2008இல் கோப்பைக்கு வழிநடத்திய சாம் மிட்செல், 2011இல் பதவியை லூக் ஹாட்ஜிடம் விட்டுக்கொடுத்த பின்பும் அணியில் தொடர்ந்து ஆடி, ஹாட்ஜின் தலைமையில் 2013, 2014, 2015 ஆகிய மூன்று பிரீமியர்ஷிப்புகளிலும் பங்கு பெற்றார். முந்தைய கேப்டன் மனம் கசந்து ஒதுங்கினால், புதியவருக்கு முதல் தோல்விக்குப் பிறகே எதிர்முகாம் ஒன்று உருவாகிவிடும்.

பதவிக்காலம் ஒரு பருவம் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மீண்டும் நியமிக்கத் தடையில்லை. தலைமைக் குழு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சியாளரோடு அரைமணி நேரம் உட்காரட்டும். பருவத்தின் நடுவில், தொடக்கத்தில் எழுதிய வேலைப் பட்டியலை எடுத்து, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுங்கள். குழுவில் ஒருவர் பொறுப்பைச் செய்யவில்லை என்றால் அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றுங்கள். கேப்டனை மட்டும் பருவத்தின் நடுவில் மாற்றாமல், அவருடைய சுமையில் ஒரு பகுதியைத் துணைக் கேப்டனிடம் கொடுத்துப் பாருங்கள். கடைசி ஆட்டம் முடிந்து, அடுத்த ஆண்டுக்கான வீரர் பதிவு தொடங்கும் முன், தொடர விருப்பமா என்று கேப்டனிடம் கேட்டு விடையைப் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் புதியவரைத் தேட ஒரு முழு முன்பருவம் உங்கள் கையில் இருக்கும்.