போலீஸ் வேலையில் இருப்பவர் கவுன்சலிங் போவது எப்படி? கோலாலம்பூர், பினாங்கு வழிகாட்டி

போலீஸ்காரர் கவுன்சலிங் போகத் தயங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) யாருக்கெல்லாம் தெரியவரும்? எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அதற்கு விடை. துறைக்குள் ஒரு வாசல், வெளியே ஒரு வாசல். ஒன்றில் சரிவரவில்லை என்றால் மற்றதில் நுழையலாம்.

போவதற்கு முன் நிலைமையை அளந்து பாருங்கள். அரசு கிளினிக்குகளில் டாஸ்-21 என்ற கேள்வித்தாள் உண்டு. கடந்த ஒரு வாரத்தை நினைத்து, 21 கேள்விகளுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் என்று ஏழேழு கேள்விகளாகக் கூட்டி, ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் இரண்டால் பெருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தப் பெருக்கலில்தான். மனச்சோர்வில் 11 வந்தவர் அட்டவணையைப் பார்த்து 'லேசுதான்' என்று தாளை மடித்து வைத்துவிடுவார். உண்மையில் அது 22, கடுமையான நிலை. மோசமான விபத்து, சடலம், துப்பாக்கிச் சூடு எதையாவது பார்த்த பிறகு ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கனவில் வந்தாலோ, அந்தச் சாலையையே தவிர்த்தாலோ, மதிப்பெண் எதுவானாலும் போய்ப் பாருங்கள்.

துறைக்குள் போவதென்றால் ஐபிகே (மாநில போலீஸ் தலைமையகம்) அளவில் உள்ள கவுன்சலிங் அதிகாரியை நீங்களே அழைத்து நேரம் வாங்கலாம். மேலதிகாரி அனுப்பி வைப்பது வேறு கதை. அப்படி அனுப்பினால், நீங்கள் வந்தீர்களா என்று அவர் கேட்க வாய்ப்புண்டு. ஆகவே முதல் சந்திப்பில், கதை சொல்லத் தொடங்கும் முன்பே கேளுங்கள்: "அறிக்கை போகுமா? போனால் அதில் என்ன எழுதுவீர்கள்? யார் படிப்பார்கள்?" பதிவு பெற்ற கவுன்சிலர்களை 1998ஆம் ஆண்டின் கவுன்சிலர் சட்டம் கட்டுப்படுத்துகிறது, ரகசியம் காப்பது அவர்கள் கடமை. ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அந்த ரகசியத்தை அவர்கள் வெளியே சொல்லலாம். அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்பவர்தான் நல்ல கவுன்சிலர்.

வெளியே போக நினைப்பவருக்கு மலிவான வழி 'கிளினிக் கெசிஹாத்தான்' எனப்படும் அரசு கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள டாக்டர் தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ பினாங்கு மருத்துவமனைக்கோ மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் முதல் சந்திப்புக்கே 30 ரிங்கிட் வரை ஆகும், அதனால் அரசு கிளினிக் வழியாகவே போங்கள்.

அந்த டாக்டரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் பலருக்கு வழுக்குகிறது. "நெஞ்சு எரியுது, தலை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் கேஸ்டிரிக் மருந்தோடு வீடு திரும்புவீர்கள். தூக்கம் எத்தனை மணி நேரம், எத்தனை வாரமாக, குடி கூடியிருக்கிறதா, வீட்டில் கோபம் கைமீறுகிறதா, சாக நினைத்ததுண்டா – இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள். மலாயில் 'தெகானான்' (அழுத்தம்) என்று சொல்லிவிட்டால் மனபாரம் முழுவதும் அதில் வந்துவிடாது. தமிழ் பேசும் டாக்டரோ கவுன்சிலரோ வேண்டும் என்று நேரம் வாங்கும்போதே கேளுங்கள். சக போலீஸ்காரரை மட்டும் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

கவுன்சிலர் மருந்து எழுத மாட்டார், டாக்டர்தான் எழுதுவார். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். "ஒன்றும் ஆகவில்லை" என்று பத்தாம் நாளே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிறது. நன்றாக இருக்கும்போது சட்டென்று நிறுத்தினாலும் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டால் ரோந்து வண்டி ஓட்டுவதோ துப்பாக்கி ஏந்துவதோ கூடாது. சாகும் எண்ணம் வந்தவர் ஆயுதம் இல்லாத வேலையைத் தானே கேட்டு வாங்குவது நல்லது. கைக்கெட்டிய துப்பாக்கி யோசிக்க நேரம் தராது.

அந்த எண்ணம் இப்போதே இருந்தால் அப்பாயிண்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம்: 999, அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, தன்னார்வலர்கள் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டப் பிரிவு 309 கடந்த 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிரிவில் கேஸ் எழுதிய பழக்கத்தில் பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக, ஷிஃப்ட். நேரம் வாங்கும்போது அடுத்த மாத ரோஸ்டரைக் கையில் வைத்திருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் போட்டால் தூங்கிவிடுவீர்கள். வேலை நேரத்தில் போக வேண்டியிருந்தால் எம்சிக்கு (மருத்துவ விடுப்புச் சீட்டு) பதில் டைம் ஸ்லிப் (வந்து போன நேரத்தைக் காட்டும் சீட்டு) கேளுங்கள், அதில் எந்தப் பிரிவின் முத்திரை விழுகிறது என்பதை கவுன்டரை விட்டு நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வர முடியாவிட்டால் போன் செய்து தேதியை மாற்றுங்கள். சொல்லாமல் தவறினால் அடுத்த தேதி சில வாரங்கள் தள்ளிப் போகும்.