டிஸ்க் இருக்கு, ட்ரைவ் இருக்கு, படம் மட்டும் வரல: கம்ப்யூட்டர்ல ப்ளூரே போடுறவங்க பண்ற தப்புங்க

மொதல்ல என் கதையச் சொல்லிடுறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு எக்ஸ்டர்னல் ட்ரைவ் வாங்கிட்டு வந்தேன், மெல்லிசா பாக்க அழகா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து யூஎஸ்பில சொருகி ப்ளூரே டிஸ்க்க, அதாவது டிவிடிக்கு அடுத்து வந்த எச்டி பட டிஸ்க்க, வச்சு மூடினா சர்ருனு சுத்துது, நிக்குது, டிக் டிக்குனு ஒரு சத்தம், மறுபடி சுத்துது, கடைசில ஸ்க்ரீன்ல டிஸ்க்கே இல்லங்குற மாதிரி மெசேஜ். டிஸ்க்கு போச்சுன்னு நெனச்சு சட்டைல தொடச்சு தொடச்சு நாலு தடவ போட்டுப் பாத்தேன். அப்புறம் தான் ட்ரைவோட முன்பக்கத்த டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தா, பொடி எழுத்துல டிவிடி ரைட்டர்னு இருக்கு, ப்ளூரேங்குற வார்த்தையே எங்கயும் இல்ல. கடக்காரர் மேல தப்பு சொல்ல முடியாது, நான் போய் "சினிமா டிஸ்க் ஓடணும்ணே"னு தான கேட்டேன், அவரும் சினிமா டிஸ்க் ஓடுறத எடுத்துக் குடுத்துட்டாரு.

இத யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க, ஆனா இப்பவும் நெறைய பேர் இதே இடத்துல தான் விழுறாங்க, ஏன்னா சிடி, டிவிடி, ப்ளூரே மூணும் ஒரே சைஸ். வெளிய ஒரே சைஸா இருந்தாலும் படிக்குற லேசர் வேற வேற. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405, அதாவது நீலமும் ஊதாவும் கலந்த ஒளி, பேர்லயே ப்ளூ வந்தது அதனால தான். அலைநீளம் கொறஞ்சதால தான் அதே அகலத்துல டிவிடில 4.7 ஜிபி ஏத்துன எடத்துல ப்ளூரேல ஒரு லேயருக்கு 25 ஜிபி ஏத்த முடிஞ்சுது. ஸோ "ஃபார்ம்வேர், அதான் ட்ரைவுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர், அப்டேட் பண்ணா டிவிடி ட்ரைவ்ல ப்ளூரே ஓடுமா"னு கேக்காதீங்க, அந்த லேசரே உள்ள இல்ல.

தொடைக்குறது பத்தியும் சொல்லணும், சட்டைல தொடச்சேன்ல, அது ரெண்டாவது தப்பு. சிடில டேட்டா இருக்குற லேயர் 1.2 மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கு, டிவிடில 0.6, ப்ளூரேல வெறும் 0.1. மேல கெட்டியான கோட்டிங் இருக்குறதால கீறல் சட்டுனு விழாது, ஆனா கைரேக எண்ணெ பட்டுச்சுன்னா லேசருக்கு நேரா கண்ணு முன்னாடி கைய வச்ச மாதிரி ஆயிடும். மூக்குக்கண்ணாடி தொடைக்குற துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா இழுங்க, வட்டமா சுத்தி சுத்தி தேய்க்காதீங்க.

சரி, ஒழுங்கான ப்ளூரே ட்ரைவே வாங்கிட்டீங்கன்னு வச்சுக்குவோம். அடுத்து எல்லாரும் பண்றது, டிஸ்க்க போட்டு விஎல்சிங்குற ஓசி வீடியோ ப்ளேயர தொறக்குறது. டிவிடி எல்லாம் விஎல்சில அப்படியே ஓடுமே, இதுவும் ஓடும்னு நெனப்பு. ஓடாது. கடைல காசு குடுத்து வாங்குற ப்ளூரே டிஸ்க்ல ஏஏசிஎஸ்னு ஒரு பூட்டு இருக்கு, அதுக்கு சாவி வச்சிருக்குற லைசன்ஸ் வாங்குன ப்ளேயர் தான் தொறக்கும், விஎல்சி கூட வர்றதுல அந்த சாவி கெடையாது. 2012ல வந்த 2.0 வெர்ஷன்ல இருந்தே விஎல்சில ப்ளூரே சப்போர்ட் இருக்குன்னு போட்டிருக்கும், அது பூட்டு இல்லாத டிஸ்க்குக்கு, அதாவது கல்யாண வீடியோக்காரர் பதிஞ்சு குடுத்த ப்ளூரே மாதிரி. சாவிய எங்கிருந்தோ எறக்கிப் போடுற வழியெல்லாம் சொல்லுவாங்க, அது ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற வேற மாதிரி இருக்குற விஷயம், நான் அதுக்குள்ள போகல. விண்டோஸ்லயும் ப்ளூரே படம் பாக்குற வசதி எந்தக் காலத்துலயும் கூட வந்ததில்ல, விண்டோஸ் 8ல இருந்து டிவிடி ஓடுறதையே எடுத்துட்டாங்க. மேக் வச்சிருக்குறவங்க நெலம இன்னும் மோசம், ஆப்பிள் ஒரு மேக்ல கூட ப்ளூரே ட்ரைவ் வச்சு வித்ததே இல்ல.

ஆக பவர்டிவிடி மாதிரி காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் தான் நேர்வழி. இதுலயும் ஒரு குழி இருக்கு. ட்ரைவ் பெட்டிக்குள்ள ஒரு சாஃப்ட்வேர் சிடி ஓசில வரும், அத இன்ஸ்டால் பண்ணிட்டு அப்டேட்டே பண்ணாம வருஷக்கணக்கா வச்சிருப்பாங்க, பழைய டிஸ்க் எல்லாம் ஓடும், புதுசா வாங்குன டிஸ்க் மட்டும் ஓடாது, ஒடனே டிஸ்க் டூப்ளிகேட்னு சண்டைக்குப் போவாங்க. விஷயம் என்னன்னா இந்தப் பூட்டுல சாவிய மாத்திக்கிட்டே இருப்பாங்க. 2007ல விண்டிவிடி சாஃப்ட்வேரோட சாவி வெளிய கசிஞ்சு, பழைய சாவிய செல்லாததாக்கி, எல்லாரும் அப்டேட் பண்ணியே ஆகணும்னு ஆச்சு. உங்க சாஃப்ட்வேர் எவ்ளோ பழசோ, புது டிஸ்க் ஓட அவ்ளோ சான்ஸ் கம்மி. புது டிஸ்க் அடம் பிடிச்சா நெட்ட கனெக்ட் பண்ணி மொதல்ல சாஃப்ட்வேர அப்டேட் பண்ணுங்க, அப்புறம் கடைக்காரர்கிட்ட போலாம்.

கேபிள் விஷயம் சின்னது தான், ஆனா கடுப்பேத்தும். பழைய மானிட்டர்ல விஜிஏ மட்டும் இருக்குன்னு எச்டிஎம்ஐ டூ விஜிஏ கன்வர்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுவாங்க, டெஸ்க்டாப் நல்லா தெரியும், யூடியூப் தெரியும், ப்ளூரே போட்டா மட்டும் எரர். படம் போற வழி முழுக்க, நடுவுல யாரும் காப்பி அடிக்காம தடுக்குற எச்டிசிபிங்குற காவல்காரன் நிக்கணும், ப்ளூரே சாஃப்ட்வேர் அவன் இல்லாத மானிட்டருக்கு படத்த அனுப்பாது. ரெண்டு மானிட்டர்ல ஒண்ணு பழசுன்னா அத கழட்டிட்டு பாருங்க, பாதி நேரம் அதுலயே சரியாயிடும். சிஸ்டத்துக்கு முன்பக்கம் இருக்குற யூஎஸ்பில ட்ரைவ் பாதில அணைஞ்சு அணைஞ்சு போனா அது கரண்ட் பத்தாம தான், பின்பக்கம் போர்டுல இருக்குற போர்ட்ல மாட்டுங்க.

இப்ப 4கே டிஸ்க். ஆபீஸ்ல ஒரு தம்பி போன வருஷம் வந்து, "அண்ணே புது சிஸ்டம் அசெம்பிள் பண்ணப் போறேன், லேட்டஸ்ட் பிராசஸர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, 4கே ப்ளூரே ட்ரைவ் ஒண்ணும் போட்டுறலாம்ல"னு கேட்டான். வேணாம்டானு சொன்னேன், கேக்கல, வாங்கிட்டான். ஓடல. எல்லாத்துலயும் புதுசா இருந்தா எல்லாம் ஓடும்னு தான நாம நெனப்போம், இங்க உல்டா. அல்ட்ரா எச்டி ப்ளூரே 2016ல வந்துச்சு, 66 ஜிபி, 100 ஜிபி டிஸ்க்கு, பூட்டும் இன்னும் கெட்டியான பூட்டு. அத கம்ப்யூட்டர்ல முறைப்படி ஓட்டணும்னா பிராசஸருக்குள்ள இன்டெல் எஸ்ஜிஎக்ஸ்னு ஒரு பாதுகாப்பு அறை இருக்கணும்னு வச்சுட்டாங்க. அது ஏஎம்டில கெடையவே கெடையாது. இன்டெல்லயும் 7வது தலைமுறைல இருந்து 10வது தலைமுறை வரைக்கும் தான் கத, 11ல இருந்து வீட்டு சிஸ்டத்துக்கான கோர் பிராசஸர்கள்ல எஸ்ஜிஎக்ஸையே தூக்கிட்டாங்க. அதாவது 4கே டிஸ்க் ஓடணும்னா பழைய சிஸ்டம் வேணும்! அதுலயும் பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ல, எஸ்ஜிஎக்ஸ் ஆன்ல இருக்கணும், படம் இன்டெல்லோட சொந்த கிராஃபிக்ஸ் வழியா வெளிய வரணும், கேபிள்ல இருந்து டிவி வரைக்கும் எச்டிசிபி 2.2 இருக்கணும், இதுல ஒண்ணு கொறஞ்சாலும் கருப்பு ஸ்க்ரீன் தான். 4கே டிஸ்க் பாக்கணும்னா கம்ப்யூட்டர மறந்துட்டு தனி ப்ளேயர் ஒண்ணு வாங்கிடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடையாது. தம்பி அந்த ட்ரைவ்ல இப்ப சாதா ப்ளூரே பாத்துட்டு இருக்கான்.

ஆடியோ பக்கம் வந்தா தப்பு இன்னும் நைஸா நடக்கும், ஏன்னா இங்க எரர் எதுவும் வராது, பாட்டு பாடும், நீங்களும் ஆஹா எச்டி சவுண்டுன்னு தலையாட்டிட்டு இருப்பீங்க, கேக்குறது என்னவோ சாதா சவுண்டு தான். எஸ்ஏசிடிய, அதாவது சூப்பர் ஆடியோ சிடிய எடுத்துக்கங்க. 1999ல வந்த டிஸ்க்கு, பாதி பேருக்கு தெரியாத விஷயம், கம்ப்யூட்டர் ட்ரைவ் எதுவும் அதோட எச்டி லேயர படிக்காது. ஆனா ஹைப்ரிட்னு வர்ற டிஸ்க்ல கூடவே ஒரு சாதா சிடி லேயரும் இருக்கும், கம்ப்யூட்டர் சத்தமில்லாம அத எடுத்து ஓட்டிடும், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அவ்ளோ தான். நான் ஒரு எஸ்ஏசிடிய ரெண்டு மாசம் இப்படி கேட்டு, ஃப்ரெண்டுக்கு வேற ஹெட்ஃபோன்ல போட்டுக்காட்டி "வித்தியாசம் தெரியுதா"னு கேட்டிருக்கேன். தெரியுதுனு அவனும் சொன்னான்!

பாட்டுக்குன்னே வந்த எச்டி டிஸ்க்கான டிவிடி ஆடியோவும் இதே மாதிரி ஏமாத்தும். டிஸ்க்க தொறந்தா ஆடியோ டிஎஸ், வீடியோ டிஎஸ்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கும். 24 பிட் எச்டி சவுண்டு மொத ஃபோல்டர்ல, சாதா டிவிடி ப்ளேயருக்காக வச்ச அமுக்கின டால்பி சவுண்டு ரெண்டாவதுல. பெரும்பாலான சாஃப்ட்வேர் நேரா ரெண்டாவதுக்கு தான் போகும். ஓடும்போது ப்ளேயர்ல சாம்பிள் ரேட் என்னன்னு பாருங்க, 96னோ 192னோ காட்டாம டால்பி டிஜிட்டல் 48னு காட்டுச்சுன்னா நீங்க கேக்குறது அந்த ரெண்டாவது ஃபோல்டர். சரியான சாஃப்ட்வேர் போட்டாலும் விண்டோஸ் நடுவுல பூந்து, சவுண்டு செட்டிங்க்ஸ்ல 48000னு போட்டிருந்தா எல்லாத்தையும் 48க்கு மாத்திடும், அதனால விண்டோஸ் நடுவுல கை வைக்காம சவுண்ட நேரா அனுப்புற வாசாபி (WASAPI) எக்ஸ்க்ளூசிவ் மோட் இருக்குற ப்ளேயரா பாத்து வைங்க.

ப்ளூரே சவுண்டுக்கு ஆப்டிகல் கேபிள் மாட்டுறதும் இதே வகை தான். மூடிய கழட்டினா செவப்பு லைட் எரியுற அந்த கேபிள் வழியா ப்ளூரேல வர்ற எச்டி சவுண்டான டால்பி ட்ரூஎச்டியோ டிடிஎஸ் எச்டி மாஸ்டரோ போகாது, அதுல அவ்ளோ எடம் இல்ல. டிடிஎஸ்ஸா இருந்தா உள்ள இருக்குற பழைய டிடிஎஸ் மட்டும் போகும், ஸ்பீக்கர்கள ஓட்டுற ரிசீவர்ல 5.1னு லைட் எரியும், மனசு நெறைஞ்சிடும். எச்டிஎம்ஐல குடுத்து, ப்ளேயர் செட்டிங்க்ஸ்ல பிட்ஸ்ட்ரீம்னு (சவுண்ட பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது) மாத்தி, ரிசீவர் டிஸ்ப்ளேல ட்ரூஎச்டினு பேரே வருதானு பாத்துட்டு தான் சோஃபால சாயணும்.

ரீஜன், அதாவது எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடும்ங்குற பிரிவு, அது பத்தி ஒரு வார்த்த. ப்ளூரேல உலகத்த ஏ, பி, சினு மூணாப் பிரிச்சிருக்காங்க. இந்தியாவும் இலங்கையும் சி, சிங்கப்பூர் மலேசியா ஏ, லண்டன் பாரிஸ் பி. லண்டன்ல இருந்து மாமா டிஸ்க் அனுப்புறேன்னு சொன்னா அட்டையோட பின்பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மூணு எழுத்தும் இருந்தா கவலையில்ல. ப்ளேயர் சாஃப்ட்வேர்லயும் டிவிடி ட்ரைவ்லயும் ரீஜன் மாத்த அஞ்சு தடவ தான் விடும், சும்மா நோண்டாதீங்க. 4கே டிஸ்க்ல மட்டும் இந்த ரீஜன் தொல்லையே இல்ல, அதுல இருக்குற ஒரே நல்ல விஷயம்.

எல்லாம் சரியா ஓடியும் கேமரா மெதுவா பக்கவாட்டுல நகரும்போது மட்டும் படம் வெட்டி வெட்டி போகுதுன்னா கிராஃபிக்ஸ் கார்ட மாத்தக் கெளம்பிடாதீங்க. படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், 60ஐ 24ஆல வகுத்தா முழுசா வராது, அதனால ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவையும் அடுத்தது மூணு தடவையும் வரும், அந்த நொண்டல் தான் கண்ணுல தெரியுது. டிஸ்ப்ளே செட்டிங்க்ஸ்ல போய் டிவி ஒத்துக்கிட்டா 23 இல்லன்னா 24 ஹெர்ட்ஸ்க்கு மாத்துங்க, வெண்ணெய் மாதிரி போகும். படம் முடிஞ்சதும் திரும்ப 60க்கு மாத்த மறந்துடாதீங்க, மௌஸ் சேத்துல கால் வச்ச மாதிரி நகரும், நான் அது தெரியாம கார்டு போச்சுன்னு ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க ட்ரைவர கழட்டி மாட்டிட்டு இருந்தேன்.