கோழிச்சாறு: முதல் தண்ணீரைக் கொட்டாதீர்கள்

காய்ச்சல் விட்டெழுந்த அம்மாவுக்காகத்தான் இந்தச் சாற்றை வைக்கப் பழகினேன். வன்னியில் எங்கள் வளவு ஊர்க்கோழிகள் பொழுது படும்போது வேப்பங்கிளைக்குப் பறந்தேறும். அந்த ஒரு கணத்தில் நெஞ்சுத் தசை முழு வேகத்தில் உழைக்கிறது. தசையில் அமிலம் ஏறுகிறது. அதைத் தாங்கி நிற்பவற்றில் ஒன்று கார்னோசின். பீட்டா அலனின், ஹிஸ்டிடின் என்ற இரண்டே அமினோ அமிலங்கள் கோத்த சிறு மூலக்கூறு. ரஷ்ய விஞ்ஞானி குலேவிச் 1900 இல் இறைச்சிச் சாற்றிலிருந்துதான் இதைக் கண்டெடுத்தார்.

ஆகவே நெஞ்சிறைச்சியே வேண்டும். தொடையில் இது குறைவு. வெட்டுமுன் கழுவுங்கள், வெட்டிய பின் ஊறவிடாதீர்கள். சிறு துண்டுகளை மண்சட்டியில் இட்டு, மூடுமளவு பச்சைத்தண்ணீர் ஊற்றி, மெல்லிய தீயில் வையுங்கள்.

இனித்தான் கவனம் வேண்டும். கொதி வரும்போது சாம்பல் நிற நுரை திரளும். முதல்முறை அதை அழுக்கென்று நினைத்து, தண்ணீர் முழுவதையும் வாழையடியில் கொட்டிவிட்டேன். மறுதண்ணீரில் வைத்த சாறு சப்பென்றிருந்தது; அம்மா இரண்டு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை. நுரை, சூட்டில் உறைந்த புரதம். கார்னோசின் அப்படி உறைவதில்லை; நீரில் நன்றாகக் கரையும். துண்டுகள் சுருங்கும்போது கசியும் சாற்றோடு அதுவும் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. நுரையை மட்டும் அகப்பையால் அள்ளுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பையும் தாராளமாக அள்ளலாம்.

பிரஷர் குக்கரை நான் விரும்புவதில்லை. மூடிய பாத்திரத்தில் நுரையை எப்படி அள்ளுவது? தட்டிய மிளகு, நற்சீரகம், உள்ளி சேர்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். உப்பு இறக்கும்போது போதும், தேசிக்காய்ப்புளி கிண்ணத்தில்.

பின்சேர்க்கை: புறொயிலர் கோழி சரிவருமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். சரிவரும், அதன் நெஞ்சிலும் கார்னோசின் உண்டு. கோழி நெஞ்சில் அதைவிட அதிகமாக இருப்பது அதன் உறவான அன்செரின். அதுவும் நீரில் கரைவதால் செய்முறை மாறாது. மரக்கறியில் இதைப் பெற முடியுமா என்றார் ஒரு அக்கா. முடியாது அக்கா, இது விலங்குத் தசைக்குரியது. ஆனால் மனித உடல் தானாகவே கார்னோசினை ஆக்கிக்கொள்கிறது. இன்னொருவர் இதை மருந்தாகக் குடிக்கலாமா என்றார். அப்படிச் சொல்ல மாட்டேன். குடித்த கார்னோசினை நம் இரத்தத்திலுள்ள ஒரு நொதியம் விரைவில் பழையபடி இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

வெந்த இறைச்சியை எறிய வேண்டாம். அதற்குள்ளும் கொஞ்சம் மிச்சம் நிற்கும்; வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டினால் இரவுச் சோற்றுக்கு ஆகும்.