மலை மேல ரேடியோ வைக்கிறவங்க பவர்ல பண்ற தப்புங்க

காத்து வழியா இன்டர்நெட் அனுப்பற ரேடியோவ மலை மேல மாட்டற ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணான். "அண்ணா, லிங்க் பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி ஆனா மட்டும் ரேடியோ தானா ரீபூட் ஆகுது, ரேடியோ ஃபால்ட்டுதான், வேற ஒண்ணு வாங்கிடலாமா?"ன்னு கேட்டான். கேபிள் என்னடா போட்டேன்னு கேட்டேன். "நல்ல கேபிள்தாண்ணா, பாதி விலைக்கு கிடைச்சுது"ன்னான். எனக்கு வயிறு எரிஞ்சுது. இதே வார்த்தைய சில வருஷம் முன்னாடி நானும் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சவன்தான்.

பிளஸ் மைனஸ் மாத்தி குடுக்கறது, கனெக்டர்ல தண்ணி இறங்கறது இதெல்லாம் இங்க எழுதப்போறதில்ல. ஒரு தடவை புகை வந்தா தானா புத்தி வந்துரும். புகையே வராம காச திங்கற தப்புங்கதான் பிரச்சனை.

பாதி விலை கேபிள்

கொல்லிமலை மேல ஒரு ரிலே, அதாவது சிக்னல வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பற டவர். கரண்ட் லைன் கிடையாது, சோலார்தான். ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸ்ல போட்டு 24 வோல்ட், அங்கிருந்து பேசிவ் பிஓஇ இன்ஜெக்டர் (நெட்வொர்க் கேபிள்லயே கரண்டையும் ஏத்தி விடற பெட்டி), பேட்டரி இருக்கற கொட்டகையில இருந்து டவர் உச்சி வரைக்கும் கேபிள் மொத்தம் 70 மீட்டர். பேனல் நல்லது, பேட்டரி நல்லது, சார்ஜ் கண்ட்ரோலர் நல்லது, எல்லாத்துக்கும் காச வாரி இறைச்சுட்டு கேபிள்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணேன். டேட்டா போற வயர்தானே, இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். பிஓஇல அந்த வயர்தான் கரண்ட் வயரும்ங்கறது மண்டைல ஏறவே இல்ல.

பகல்ல ஒரு குறையும் இல்ல. ராத்திரி 9 மணிக்கு மேல ஆரம்பிக்கும், லிங்க் போகும், ரெண்டு நிமிஷத்துல வரும், மறுபடி போகும். கரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் வண்டிய விட்டுட்டு நடந்து, டவர் ஏறி ரேடியோவ மாத்தினேன். அன்னைக்கு ராத்திரியும் அதே கதை. அடுத்த வாரம் இன்ஜெக்டர மாத்தினேன், அதுக்கடுத்து கண்ட்ரோலர், நாலாவது தடவை போறப்ப கடுப்புல இன்னொரு ரேடியோவும் தூக்கிட்டு போனேன். ஒவ்வொரு தடவையும் பகல்ல போறேன், பகல்ல டெஸ்ட் பண்றேன், எல்லாம் பக்காவா இருக்கு, கீழ வந்து சேர்றதுக்குள்ள கஸ்டமர் போன்.

கடைசில ஒரு நாள் ராத்திரி கொட்டகையிலயே படுத்துட்டேன். மேல ரேடியோ பக்கத்துல அளக்கற மாதிரி பகல்லயே ரெண்டு வயர் தனியா கீழ இறக்கி வச்சிருந்தேன். கீழ பேட்டரில 23.5 வோல்ட். மேல 17 கூட இல்ல! அந்த ரேடியோ 18க்கு கீழ போனா ஆஃப் ஆயிரும்.

கணக்கு சிம்பிள்தான், முன்னாடியே போட்டிருந்தா ஏறி இறங்கியிருக்க வேண்டாம். 24 கேஜ் தடிமன்ல சுத்த செம்பு வயர் ஒண்ணோட ரெசிஸ்டன்ஸ் 100 மீட்டருக்கு 8.4 ஓம் கிட்ட வரும். பேசிவ் பிஓஇல போறதுக்கு ரெண்டு வயர், வர்றதுக்கு ரெண்டு வயர், ரெண்டு சேர்ந்தா ரெசிஸ்டன்ஸ் பாதி, அதனால போக வர சேர்த்து 70 மீட்டருக்கு 6 ஓம்னு வைங்க. நான் வாங்கினது சிசிஏ, அதாவது உள்ள அலுமினியம், மேல செம்பு பூச்சு. அதுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல, 9 ஓம் தாண்டுது. 12 வாட்ஸ் இழுக்கற ரேடியோ. வோல்டேஜ் குறைஞ்சா அது சும்மா இருக்காது, அதே 12 வாட்ஸ் வேணும்னு ஆம்பியர கூட இழுக்கும், ஆம்பியர் கூடினா வயர்ல இன்னும் வோல்டேஜ் விழும், விழுந்தா இன்னும் இழுக்கும். பகல்ல பேனல் புண்ணியத்துல கீழ 27.6 இருந்ததால மேல 22க்கு மேல கிடைச்சுட்டு இருந்துச்சு. ராத்திரி பேட்டரி இறங்க, அதே நேரத்துல ஊரே வீடியோ பாக்க, ரேடியோவுக்கு லோடு ஏற, முடிஞ்சுது. செம்பு கேபிள் மாத்தினதும் அதே 23.5க்கு மேல 20 வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ரேடியோவ நான் தொடவே இல்ல. நான் கழட்டிட்டு வந்த பழைய ரேடியோ ரெண்டும் இன்னைக்கும் வேற இடத்துல ஓடுது, ஒண்ணுத்துலயும் ஒரு கோளாறும் கிடையாது. அத நெனச்சாதான் இன்னும் ஆத்திரமா வருது.

கடைக்காரர் பாக்ஸ் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு காட்டுவார், நம்பாதீங்க. ஒரு வயர பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். இன்னும் நல்ல வழி, 305 மீட்டர் பாக்ஸ்ல ஒரு ஜோடிய ஒரு முனைல முறுக்கி சேர்த்துட்டு மறுமுனைல மல்டிமீட்டர் வைங்க. 24 கேஜ் செம்பா இருந்தா 50 ஓம் கிட்ட காட்டும். 75, 80ன்னு காட்டுனா பாக்ஸ அங்கயே திருப்பி குடுத்துட்டு வந்துருங்க, சண்டை போட வேண்டி வந்தாலும் சரி.

புது சைட்டுங்களுக்கு முடிஞ்ச வரை 48 வோல்ட் ரேடியோதான் எடுக்கறேன். அதே 12 வாட்ஸுக்கு ஆம்பியர் பாதி, அதே செம்பு வயர்ல ஒன்றரை வோல்ட்தான் போகுது. அதுக்காக 24 வோல்ட் மட்டும் தாங்கற ரேடியோவுக்கு 48 குடுத்துட்டு என்ன திட்டாதீங்க, டேட்டாஷீட்ட பாத்துட்டு குடுங்க.

நடுவுல இன்வெர்ட்டர்

பேட்டரி டிசி, அத 230 வோல்ட் ஏசி ஆக்கி, அதுல அடாப்டர் சொருகி, மறுபடி டிசி ஆக்கறது. வீட்டு இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கறதுக்கே 10, 15 வாட்ஸ் தின்னுடும், உங்க ரேடியோவே அவ்ளோதான் இழுக்குது. இதுல அது ஓவர்லோடுல ட்ரிப் ஆயிருச்சுன்னா பட்டன அமுக்க ஆள் மலை ஏறணும். டிசி டு டிசி கன்வெர்ட்டர் போடுங்க.

வீட்டு எம்சிபிய டிசில போடறது

வேண்டாம். எம்சிபி, அதாவது கரண்ட் கூடினா தானா கட் பண்ற சுவிட்ச், கட் பண்றப்ப உள்ள தீப்பொறி வரும். ஏசில செகண்டுக்கு 100 தடவை கரண்ட் ஜீரோவுக்கு வந்து போறதால அது தானா அணையும், டிசில அணையாது. டிசின்னு போட்டதா பாத்து வாங்குங்க.

சித்திரை வெயில வச்சு பேனல் கணக்கு

20 வாட்ஸ் லோடுன்னா ஒரு நாளைக்கு 480 வாட் அவர். கோடைல கணக்கு போட்டா சின்ன பேனலே போதும்னு தோணும். ஐப்பசி கார்த்திகைல மலை மேல மூணு நாள் சூரியனே தெரியாது, அந்த மூணு நாளுக்கு 1440 வேணும். 12 வோல்ட் 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரில முழுசா இருக்கறதே 1200, அதுல பாதிக்கு மேல எடுத்தா சீக்கிரம் படுத்துரும். அப்ப எத்தனை பேட்டரின்னு நீங்களே பாத்துக்கங்க.

தகர பெட்டி

பேட்டரிய தகர பெட்டில போட்டு வெயில்ல வைக்காதீங்க. 10 டிகிரி சூடு கூடினா பேட்டரி ஆயுசு பாதி.

கட் ஆகற வோல்டேஜும் திரும்ப வர்றதும்

பேட்டரி இறங்கினா கண்ட்ரோலர் லோட கட் பண்ற வோல்டேஜும், திரும்ப ஆன் பண்ற வோல்டேஜும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, லோடு கட் ஆனதும் பேட்டரி கொஞ்சம் மேல எழும்பும், உடனே ஆன் ஆகும், உடனே மறுபடி இறங்கும், விடிய விடிய இதே ஆட்டம். 24 வோல்ட் லெட் ஆசிட்டுக்கு நான் 23ல கட், 25.2ல ஆன் வச்சிருக்கேன்.

எர்த்

எர்த் போடாம சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டாதீங்க, மின்னல் சமயத்துல ஏறுற வோல்டேஜ அது எர்த்துலதான் இறக்கி விடும்.

அந்த தம்பி ஞாயித்துக்கிழமை செம்பு கேபிளோட ஏறப்போறான். பகல்ல டெஸ்ட் பண்ணிட்டு இறங்கிடாதடா, ராத்திரி 10 மணி வரைக்கும் மேலயே இருந்து மீட்டர பாத்துட்டு வான்னு சொல்லியிருக்கேன்.